கரண்டம் வாத்தா?

கரண்டம் என்றால் வாத்து, வடமொழிக் காரண்டவம் தேய்ந்து வந்தது என்று மேடைதோறும் கேட்டுச் சலித்துவிட்டது. சொல்கிறவர்கள் திருமழிசையாழ்வாரைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் பாடிய திருச்சந்தவிருத்தத்தின் 62ஆம் பாசுரம் திருக்குறுங்குடியைப் பாடுவது. கரண்டம் ஆடும் பொய்கையில் கரிய பெரும் பனம்பழம் புரண்டு விழுகிறது, வாளை பாய்கிறது. பழத்தைக் கரண்டம் என்று மயங்கி மீன் வெருண்டது என்பது உரை மரபு. வாத்தைக் கண்டு வாளை வெருளுமா? பனம்பழத்தின் கருமை எந்த வாத்துக்கு உண்டு? கருநிறம், நீருள் மூழ்கி மீனைத் துரத்துதல், நுனி வளைந்த அலகால் கவ்வுதல் ஆகிய மூன்றும் பொருந்துவது நீர்க்காக்கைக்கே. அதன் இறகு நீரை ஏற்று நனைவதால் உடல் எளிதில் அமிழ்கிறது. கரையேறிச் சிறகை விரித்துக் காய்வதும் அதனால்தான். வேடந்தாங்கலில் ஒருமுறை பார்த்தவர் வாத்து என்று சொல்லத் துணியமாட்டார். காரண்டவம் வடநூலில் வாத்தாகவே இருக்கட்டும்; ஆழ்வார் பொய்கையில் அதற்கு இடமில்லை.

நீர்க்காகம் என்ற பெயரே ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது என்று இன்னொரு சாரார் கிளம்பியிருக்கிறார்கள். நீர்க்காக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘கார்மொரன்ட்’ என்பது கடற்காகம் எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் பிரெஞ்சு வழியே திரிந்தது, உண்மைதான். ஆனால் மலையாளத்தார் நீர்க்காக்க என்கிறார்கள், கன்னடர் நீருகாகெ, தெலுங்கர் நீட்டிகாக்கி, இந்தியில் பன்கௌவா. இத்தனை பேரும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்துக்கொண்டார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். நெய்தல் நிலத்துப் பறவையைக் காக்கை என்று அழைக்கும் வழக்கம் ஐங்குறுநூற்றிலேயே இருக்கிறது: சிறுவெண்காக்கைப் பத்து. வெள்ளைப் பறவைக்கே காக்கைப் பெயர் தந்தவர்கள் கரிய பறவைக்குப் பெயர் தேடி எங்கும் போயிருக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புக் கரண்டகத்தைக் கரண்டத்தோடு முடிச்சுப் போடுவாரும் உண்டு. அது சிமிழ், வேறு சொல்.

கரண்டத்தின் முதலில் நிற்பது கருமை குறிக்கும் ‘கரு’ என்பதே என் துணிபு. கார், கரி, கருங்குருவி நிற்கும் வரிசையில் அதுவும் நிற்கிறது. வடமொழிக் காரண்டவம் நம்மிடமிருந்து போனது என்றே கொள்கிறேன்.