அண்மிச் செல்லும் அறிவு

சாலமோன் கோவிலின் வெண்கலக் கடலுக்கு விட்டம் பத்து முழம், சுற்றளவு முப்பது முழம் என்கிறது திருவிவிலியம் (1 அரசர் 7:23). சுற்றளவை விட்டத்தால் வகுக்க வரும் 'பை' அங்கே 3. கி.பி. 499-இல் ஆரியபட்டர் அதனை 3.1416 எனக் கணித்து, 'ஆசன்னம்', அதாவது அண்மியது, என்றே குறித்தார். எந்தப் பின்னமும் பையை முற்றாகச் சொல்லாது என்பது 18-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது.

நம் கொங்கு மண்ணின் ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுஜன், 1914-இல் எளிய வழியொன்றை வெளியிட்டார். 361-ஐ 22-ஆல் வகுத்து, 81-ஐக் கூட்டி, இருமுறை வர்க்கமூலம் காண்க. எட்டுத் தசம இடங்கள் பிழையின்றி அமையும், ஒன்பதாவது விலகும்.

பின்னாளில் கர்தினாலான கூசா நிக்கோலாஸ் 1440-இல் எழுதினார்: பலகோணத்தின் பக்கங்களை எத்துணை பெருக்கினும் அது வட்டமாகாது, உண்மையை நாடும் மனித அறிவும் அத்தகையதே.

சரவணம்பட்டியின் மென்பொருள் அலுவலகங்களில் பணிபுரியும் நம் இளைஞர், "முழுதும் அறிய இயலாத இறைவனை எங்ஙனம் நம்புவது?" என வினவுகின்றனர். முழுதும் எழுத இயலாத பையைக் கொண்டே நாம் கிணற்றுக்கு உறை வார்க்கிறோம், சக்கரம் செய்கிறோம். முடிவுறா எண் பொய்யெண் அன்று. இறைவனை முற்றும் அறிந்தோம் எனச் செருக்குறாமலும், அறியவே இயலாதெனச் சோர்வுறாமலும், நாளும் அவரை அண்மிச் செல்வோமாக.