சிறிய, நடுத்தர குரூசர் மோட்டார் சைக்கிள்கள்: நாச்சாரம் சாலைகளை வைத்து ஓர் ஒப்பீடு

குரூசர் என்பது தாழ்ந்த இருக்கையும், ஓட்டுபவரை நோக்கி வளைந்த அகன்ற ஹாண்டில்பாரும், முன்பக்கம் தள்ளி அமைந்த கால்மிதியும், நீண்ட சக்கர இடைவெளியும் கொண்ட மோட்டார் சைக்கிள் வகை. 1930களில் ஹார்லி-டேவிட்சன், இந்தியன் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் செய்த வண்டிகளை ஒட்டி இந்த உருவம் அமைந்தது. பின்னாளில் ஜப்பானியர் அதைச் சிறிய எஞ்சினுக்கும் பொருத்தினார்கள். 1985இல் வந்த ஹோண்டா ரெபல் 250 அவற்றுள் பெயர் பெற்றது. இந்தியாவில் இவ்வகை பெரும்பாலும் 160 முதல் 650 சிசி வரை கிடைக்கிறது.

ஐதராபாத்தின் கிழக்கே உள்ள நாச்சாரம் இந்த வண்டிகளை எடைபோட நல்ல இடம். லாரிகள் நடமாடும் தொழிற்பேட்டை, ஏறி இறங்கும் தக்காணத்துப் பாறை நிலம், உப்பலைத் தாண்டியதும் தொடங்கும் வாரங்கல் நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் அங்கே சில கிலோமீட்டருக்குள் வந்துவிடுகின்றன.

எல்லைக்கோடு

மேலைநாடுகளில் 500 சிசி குரூசரைப் புதிதாகப் பழகுபவருக்கு உரியது என்பார்கள். இங்கே 350 சிசியே பெரிய வண்டி. எது சிறியது, எது நடுத்தரம் என்ற வாதத்தை இந்தியாவில் பொறியாளர்கள் முடித்து வைக்கவில்லை, வரித்துறை முடித்து வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்குச் செஸ் உட்பட 31 சதவீதமாக இருந்த வரி 40 ஆக உயர்ந்தது. வரிக்கு முந்தைய விலை இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்கு இந்தப் பக்கம் 2.36 லட்சம், அந்தப் பக்கம் 2.80 லட்சம். சாலை வரியும் காப்பீடும் சேர்ந்து ஆன்-ரோடு விலையில் இடைவெளி இன்னும் விரியும்.

ஓட்டுநர் உரிமம் இந்தக் கோட்டைக் கண்டுகொள்வதில்லை. கியர் வண்டிக்கு உரிமம் வாங்கிய 18 வயதுப் பையன் மறுநாளே 650 சிசியில் ஏறிவிடலாம். பிரிட்டனில் அது நடக்காது. அங்கே 35 கிலோவாட் வரை ஓட்ட அனுமதிக்கும் ஏ2 உரிமத்தையே 19 வயதில்தான் வாங்க முடியும்.

வந்த வழி

2001இல் கவாசாகியும் பஜாஜும் சேர்ந்து கொண்டுவந்த 175 சிசி எலிமினேட்டர்தான் இந்தியச் சந்தையில் சிறிய குரூசருக்கு முகம் கொடுத்தது. அடுத்த ஆண்டு யமஹா 125 சிசி எஞ்சினோடு என்டைசரை இறக்கியது. ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்ட் 350 வந்ததும் அதே 2002இல்தான். எலிமினேட்டரின் உடலில் பல்சர் 180 எஞ்சினைப் பொருத்தி 2005இல் பஜாஜ் அவெஞ்சரை வெளியிட்டது. நடுத்தரக் குடும்பத்து இளைஞர் கையில் குரூசர் வந்து சேர்ந்தது அதன் பிறகே.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. 2017இல் சுசுகி தன் 1800 சிசி இன்ட்ரூடரின் சாயலை 155 சிசி எஞ்சின் மேல் போர்த்தி அதே பெயரில் விற்றுப் பார்த்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், சில ஆண்டுகளில் வண்டி நின்றுபோனது. அதன் இருக்கை சொகுசானது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

2020 நவம்பரில் தண்டர்பேர்டின் இடத்துக்கு மீட்டியோர் 350 வந்தது. 2023 ஜனவரியில் சூப்பர் மீட்டியோர் 650 விலைக்கு வந்தது. சென்னையை அடுத்த ஒரகடமும் வல்லம் வடகாலும் இந்த நிறுவனத்தின் தொழிற்சாலை ஊர்கள். 1950களில் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய நிறுவனம் இன்று 350 சிசி கோட்டின் இரு பக்கங்களையும் தமிழ்நாட்டிலிருந்தே பிடித்து வைத்திருக்கிறது.

ஐதராபாத்தும் தன் பங்குக்கு இறங்கியது. நகரின் மகாவீர் குழுமத்தைச் சேர்ந்த ஆதீஷ்வர் ஆட்டோ ரைடு இந்தியா நிறுவனம் 2018இல் பெனெல்லி வண்டிகளின் இந்தியப் பொறுப்பை ஏற்று, ஐதராபாத்துக்கு அருகே போச்சம்பள்ளியில் அவற்றின் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கத் தொடங்கியது. (ஓலா ஸ்கூட்டர் ஆலை இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வேறு.) 2021இல் பெனெல்லி 502சி, 2022இல் கீவே கே-லைட் 250வி, வி302சி என அடுத்தடுத்து குரூசர்கள் வந்தன. பெனெல்லி, கீவே இரண்டுமே சீனாவின் சியான்ஜியாங் குழுமத்துக்கு உரிய பெயர்கள்.

இழுவை எங்கே கிடைக்கிறது

விளம்பரங்கள் குதிரைத்திறனைச் சொல்லும். குரூசர் வாங்குபவர் பார்க்க வேண்டியது, இழுவை எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதை. மீட்டியோர் 350 தன் உச்ச முறுக்குவிசையான 27 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. வி302சி இரட்டை சிலிண்டர் வி-எஞ்சின், திறன் 29.5 குதிரை, மீட்டியோருக்கோ 20தான். ஆனால் வி302சியின் 26.5 நியூட்டன் மீட்டர் இழுவையை முழுதாகப் பெற 6,500 சுற்று வரை முறுக்க வேண்டும். பஜாஜ் அவெஞ்சர் 220 இன்னும் மேலே போய், 7,000 சுற்றில் 17.5 நியூட்டன் மீட்டர் தருகிறது.

தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இந்த எண்களின் பொருள் விளங்கிவிடும். வேகம் 20 கி.மீ.; லாரி நிற்கிறது, நகர்கிறது, மறுபடி நிற்கிறது. மீட்டியோர் இரண்டாம் கியரில் டப் டப்பென்று ஊர்ந்துகொண்டே போகும், கிளட்சைத் தொடும் வேலை குறைவு. அதிகச் சுற்றில் உயிர் வரும் எஞ்சினானால் முதல் கியருக்கு இறங்கிக் கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்ட நேரும். அரைமணி நேரத்தில் இடது மணிக்கட்டு சொல்லிவிடும். அவெஞ்சர் இதிலிருந்து தப்புவது எடையால். 163 கிலோதான் என்பதால் குறைந்த இழுவையும் போதுகிறது.

வி302சிக்கும் கே-லைட்டுக்கும் சங்கிலிக்குப் பதில் பெல்ட் உண்டு. எண்ணெய் போட வேண்டாம், சத்தமும் குறைவு. சங்கிலியைப் போல அதை எந்த மெக்கானிக் கடையிலும் மாற்றிவிட முடியாது என்பது மறுபக்கம்.

எடையும் முதுகும்

மீட்டியோர் 350 எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 241. அந்த 50 கிலோ ஓடும்போது தெரிவதில்லை, நிற்கும்போதுதான் தெரியும். ஐதராபாத் அடுக்குமாடிகளில் வண்டி நிறுத்தும் இடத்தைச் செல்லார் என்கிறார்கள். தெருவிலிருந்து சரிவாக இறங்கும் தளம் அது. மூக்கை உள்ளே விட்டு நிறுத்திய 241 கிலோ வண்டியைக் காலையில் காலால் உந்திப் பின்னால் ஏற்றுவதற்குக் காவலாளியின் கையும் வேண்டியிருக்கும். இருக்கை 740 மி.மீ. உயரத்தில் இருப்பதால் இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிவது மட்டும் ஆறுதல். நடுத்தர வண்டி என்றாலே கனம் என்றும் முடிவுகட்ட முடியாது. கவாசாகியின் இன்றைய எலிமினேட்டர் 451 சிசி, 45 குதிரைத்திறன், எடை 176 கிலோவே. முழுதாக இறக்குமதியாகும் வண்டி என்பதால் விலை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

முதுகு இன்னும் பெரிய விஷயம். சாதாரண பைக்கில் பள்ளம் வந்தால் கால்மிதியில் ஊன்றி லேசாக எழுந்துகொள்ளலாம். குரூசரில் கால் முன்னே நீண்டிருப்பதால் எழ முடியாது, அடி நேரே இடுப்பெலும்பில் இறங்கும். ஆகவே பின்பக்க ஷாக் அப்சார்பர் எவ்வளவு அமுங்குகிறது என்பது மற்ற வகைகளைவிட இங்கே முக்கியம். சூப்பர் மீட்டியோரில் அது 101 மி.மீ. மட்டுமே. தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு வரை உள்ள உயரமும் அதில் 135 மி.மீ.; மீட்டியோரில் 170, அவெஞ்சரில் 169. உப்பலிலிருந்து நாரப்பள்ளி வரையிலான மேம்பாலப் பணி 2018இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அப்படிப்பட்ட சாலையிலும், காலனிகளில் ஆளாளுக்குப் போட்டுவைத்த வேகத்தடைகளிலும் இந்த 35 மி.மீ. வித்தியாசம் விலையை மறக்கடித்துவிடும்.

பின்னால் உட்காருபவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜாவா 42 பாபர் 334 சிசியில் 30 குதிரைத்திறன் தரும் அழகான வண்டி, ஆனால் ஒற்றை இருக்கை. மனைவியும் பிள்ளையும் உள்ள வீட்டில் அது இரண்டாவது வண்டியாகத்தான் இருக்க முடியும். சூப்பர் மீட்டியோரின் டூரர் வகையில் பின்னிருக்கைக்கு முதுகுச்சாய்வும் முன்னே காற்றுத்தடுப்பும் கிடைக்கின்றன.

நெடுஞ்சாலை

நடுத்தர குரூசருக்காக வாதாடுபவர்கள் நெடுஞ்சாலையைக் காட்டுவார்கள். அதில் உண்மை உண்டு. மீட்டியோர் மணிக்கு 90 கி.மீ. வரை சுகமாகப் போகும், 100ஐ நெருங்கும்போது மூச்சு வாங்கும். 47 குதிரைத்திறன் கொண்ட 650 அந்த வேகத்தில் பாதி விழிப்பில் ஓடும். பஸ்ஸை முந்தக் கியர் இறக்க வேண்டியதில்லை. பெட்ரோல் கணக்கு வேறு மாதிரி: முன்னது லிட்டருக்கு ஏறக்குறைய 35 கி.மீ. தந்தால் பின்னது 25.

ஆனால் 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையின்படி நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ. ஐதராபாத்தைச் சுற்றியுள்ள 158 கி.மீ. வெளிவட்டச் சாலை, நகரத்தின் மிகச் சிறந்த சாலை, இருசக்கர வண்டிகளை ஏற்பதே இல்லை; பக்கத்து சர்வீஸ் சாலைதான் நமக்கு. உப்பலிலிருந்து புவனகிரிக் கோட்டைக்கு 40 கி.மீ. அளவில் வரும்; அதற்கு 350 தாராளம். நாகார்ஜுனசாகருக்கும் போதும். ஸ்ரீசைலம் போக 200 கி.மீ.க்கு மேல், அம்ராபாத் காட்டின் வளைவுகளில் இருவரும் பையுமாக ஏறும்போதுதான் 650இன் கூடுதல் இழுவை தன் வரியை நியாயப்படுத்தத் தொடங்குகிறது.

ஆக, நாச்சாரத்தில் குடியிருந்து ஹப்சிகூடாவுக்கோ செகந்தராபாத்துக்கோ தினமும் போய்வருபவருக்கு 350 சிசியே சரியான குரூசர். பணம் குறைவென்றால் அவெஞ்சர் 220. மாதம் ஒருமுறையாவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகாதவர் 650 வாங்குவது வீண் செலவு. எதை வாங்குவதானாலும் ஷோரூம் முன்னாலுள்ள நல்ல ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருபவரை ஏற்றிக்கொண்டு, உங்கள் தெருவின் மிக மோசமான வேகத்தடை மேல் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.