கூட்டமும் தொண்டும்: றோட்டரிக் கழகம் வளர்ந்த வரலாறு

சங்கம் தொடங்குதல் எளிது. அதனைத் தொடர்ந்து நடத்துதல் அரிது. நம் ஊர்களிற் பொதுப்பணி செய்த பெரியோர் இதனை நன்கறிவர். அங்குரார்ப்பணக் கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளாத சனம் வரும். தலைவர், காரியதரிசி, தனாதிகாரி அனைவரும் ஏகமனதாகத் தெரிவாவர். மூன்றாம் மாதத்திற் கோரம் இன்மையாற் கூட்டம் ஒத்திவைக்கப்படும். ஆண்டு முடியுமுன் கூட்டக் குறிப்புப் புத்தகம் எவர் வீட்டு அலுமாரியில் இருக்கின்றதென்பதே தெரியாமற் போகும். இவ்வாறு மறைந்த சங்கங்களுக்கு வரலாறு எழுதுவாரில்லை. மறையாது நிலைத்த ஒரு சங்கத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். நால்வர் ஓரிரவு கூடியதிற் பிறந்து, இன்று இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் அங்கத்தவரைக் கொண்டு விளங்கும் றோட்டரிக் கழகமே அது.

ஐக்கிய அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரத்தில் போல் ஹரிஸ் என்னும் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். இவர் வேர்மொன்ற் மாநிலத்திலுள்ள சிற்றூர் ஒன்றிற் பாட்டனார் பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர். ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்தனர். 1896ஆம் ஆண்டிற் சிக்காகோவிற் குடியேறி வழக்குரைக்கத் தொடங்கியபின், நாள்தோறும் பலரோடு பேசிப் பழகியும் நண்பர் என்று சொல்ல எவருமின்றித் தனிமையில் வாடினார். தம்மைப் போலவே கிராமங்களிலிருந்து வந்து வாடுவோர் பலர் இருத்தல் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கச் சென்று அறையொன்றில் தனித்திருந்த நம்மவர்க்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 23ஆந் தேதி இரவு, சுரங்கப் பொறியியலாளராகிய கஸ்ராவஸ் லோயர் என்பவரின் கந்தோரில் நால்வர் கூடினர். ஹரிசும் லோயரும் தவிர்ந்த மற்றிருவர், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்ரர் ஷீல், தையற்றொழில் நடத்திய ஹைரம் ஷோரி என்போராவர். ஒருமுறை ஒருவர் கந்தோரிலும் அடுத்த முறை மற்றொருவர் கந்தோரிலுமாகச் சுழன்று சுழன்று கூடுவதெனத் தீர்மானித்தனர். அச் சுழற்சியே றோட்டரி என்ற பெயருக்குக் காரணமாயிற்று. ஷீல் முதல் தலைவரானார். ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவரையே சேர்ப்பது என்பது அவர்களது விதி. அடுத்துச் சேர்ந்த ஹரி றக்கிள்ஸ் என்னும் அச்சகத்தார் கூட்டத்திற் பாட்டுப் பாடும் வழக்கத்தைப் புகுத்தினார். பட்டம் பதவி பாராது ஒருவரையொருவர் பெயர் சொல்லியே அழைத்தனர்.

இவ்வளவும் நன்றே. ஆனால் இந்தக் கழகம் அப்போது தொண்டுக் கழகம் அன்று என்பதை நாம் மறத்தலாகாது. அங்கத்தவர் ஒருவர் மற்றவரிடமே சாமான் வாங்குவதும், தமக்குத் தெரிந்த வியாபாரத்தைத் தமக்குள்ளே பகிர்ந்துகொள்வதும் அதன் வெளிப்படையான நோக்கமாயிருந்தன. 1906ஆம் ஆண்டில் டொனல்ட் காட்டர் என்பவரைச் சேருமாறு அழைத்தபோது, அவர் விதிகளை வாசித்துவிட்டு மறுத்துவிட்டார். தன் அங்கத்தவர் நலத்தை மட்டும் நாடும் சங்கம் நெடுநாள் நிலைக்காது, ஊருக்கு ஏதேனும் செய்தால் மாத்திரமே அதற்கு எதிர்காலமுண்டு என்பது அவர் கருத்து. அழைத்தவர்கள் சினந்து போகவில்லை. அவ்வாறாயின் அந்த நோக்கத்தை நீரே எழுதித் தாரும் என்றனர். அவர் எழுதினார், கழகம் அதனைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக ஏற்றது, அவரும் அங்கத்தவரானார். கழகத்தை விரும்பிச் சேர்ந்தவர்களால் மட்டுமன்றிச் சேர மறுத்த ஒருவராலும் அது பெரிதாயிற்று. நமது சங்கங்களிற் குறை சொல்பவரை நாம் எங்ஙனம் நடத்துகின்றோம் என்பதை இவ்விடத்திற் சற்றே நினைத்தல் தகும்.

1907இல் அவர்கள் கையிலெடுத்த முதற் பெரும் பணி யாது? ஆலயமோ, மண்டபமோ, மணிக்கூட்டுக் கோபுரமோ அன்று. பொது மலசலகூடம்! சிக்காகோவில் அப்போது அத்தேவைக்கு ஆண்கள் மதுச்சாலைக்குள்ளும், பெண்கள் பெருங் கடைகளுக்குள்ளும் புகவேண்டியிருந்தது. பியர் தயாரிப்போரும் கடைக்காரரும், எங்களிடம் வசதி இருக்கிறதே என்று கூறித் திட்டத்தை எதிர்த்தனர். ஒரு குவளை பியரை வாங்காமலும், ஒரு முழத் துணியை வாங்காமலும் மனிதர் தம் இயற்கைத் தேவையைத் தீர்க்க உரிமையுடையர் என்று கழகத்தார் வாதாடினர். ஏனைய சங்கங்களையும் துணைசேர்த்து நகர ஆட்சியினரை இணங்கச் செய்தனர். நகர மண்டபத்தின் அருகே அது கட்டப்பட்டது. பெயர்க்கல் பதித்துப் பெருமை கொள்ள இடந்தராத பணியாயினும், ஏழை எளியவர்க்கு நாள்தோறும் உதவிய பணி அது.

கழகம் பரவத் தொடங்கிற்று. 1908இற் சான் பிரான்சிஸ்கோவிலும், அடுத்த ஆண்டில் ஓக்லண்டிலும் கழகங்கள் எழுந்தன. கிழமைதோறும் மதிய உணவுடன் கூடும் வழக்கம் ஓக்லண்டிலேயே தோன்றியது. 1910இற் பதினாறு கழகங்கள் ஒன்றிணைந்தன. கனடாவிலுள்ள வின்னிப்பெக் கழகமும் சேர்ந்ததும் அது சர்வதேச இயக்கமாயிற்று. நம் இலங்கையிற் கொழும்புக் கழகம் 1929இல் நிறுவப்பட்டது. கூட்டத்துக்கு வருதல் கண்டிப்பான கடமையாக இருந்தது. தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் அங்கத்துவத்தை இழக்க நேரும். வெளியூர் சென்றவர் அவ்வூர்க் கழகத்தின் கூட்டத்துக்குச் சென்று தம் வரவை ஈடுசெய்யலாம்.

இவ்வியக்கத்திலும் பெருங்குறை ஒன்றிருந்தது. முதல் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களுக்கு அதில் இடமில்லை. கலிபோர்ணியாவிலுள்ள டுவாட்டே என்னும் சிறு நகரக் கழகம் மூன்று பெண்களைச் சேர்த்தபோது, அக்கழகமே 1978இல் விலக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1987இல் டுவாட்டே கழகத்துக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. 1989இற் கழகத்தின் விதியே மாற்றப்பட்டது. ஊரின் சரிபாதியை வெளியே நிறுத்திவிட்டு ஊர்த்தொண்டு பேசுவது எவ்வளவு பொருந்தும் என்பதை நாமும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

உள்ளூர்ப் பணியிற் பழகிய கைகள் உலகப் பணிக்கும் உதவின. போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராக 1979இற் பிலிப்பைன்சில் ஏறத்தாழ அறுபது இலட்சம் பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் முயற்சியைக் கழகத்தார் தொடங்கினர். 1985இல் அதனை உலகத் திட்டமாக்கினர். 1988இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் முதலியவையும் இணைந்து பெருமுயற்சி தொடங்கியபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர் அந்நோயால் வாதமுற்றனர். பின்னர் அத்தொகை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேலாகக் குறைந்தது. இலங்கையிற் கடைசியாக இந்நோய் கண்டது 1993இல். 1990களின் நடுப்பகுதியிற் போர் மூண்டிருந்த நம் வடகிழக்கில், பிள்ளைகளின் வாயில் இரு துளி மருந்து விழும்பொருட்டு இருதரப்புத் துப்பாக்கிகளும் சில நாள் மௌனித்தன. அந்நாட்களிற் கைக்குழந்தையுடன் வரிசையில் நின்ற தாய்மார் இன்றும் நம்மிடையே உளர்.

2016இல் றோட்டரியின் கூட்ட விதிகள் தளர்த்தப்பட்டன. கிழமைதோறும் கூடவேண்டிய கட்டாயம் நீங்கி, மாதம் இருமுறையேனும் கூடினாற் போதும் என்றாயிற்று. காலம் மாறினால் விதியும் மாறும். ஆனால் கூடாமலே தொண்டு நடத்தலாம் என்று அவர்களும் சொல்லவில்லை.

இளைஞர்களே, கூட்டமென்றாற் சலிப்பு என்று நீங்கள் கருதுவது எமக்குத் தெரியும். சென்ற கூட்ட அறிக்கை வாசித்தலும் வரவு செலவு கேட்டலும் இனிமையான காரியங்கள் அல்ல. ஆயினும் பன்முறை ஒன்றாயிருந்தவர்களே, கிணறு இறைக்க வேண்டிய நாளில் ஒருவரையொருவர் நம்பிக் கயிறு பிடிப்பர். பெரியோர்களே, கூடிக் கலைவதே பணி என்றிருப்பின், காட்டரைப் போன்ற இளைஞர் வாசலிலேயே திரும்பிச் செல்வர். அவர்களை மறித்து, நோக்கத்தை நீரே எழுதும் என்று பேனையைக் கொடுப்பது நம் கடமை. அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் தவறாது வருவோம். வரும்போது ஊரின் ஒரு குறையையாவது குறித்துக்கொண்டு வருவோம்.