வரைபவரும் வசிப்பவரும்

கட்டடக் கலைஞர் ஒருவரை அமர்த்தும்போது நம்மவர் கூலி, காலம், சீமெந்து விலை என்பன பற்றியே அதிகம் பேசுகின்றனர். அவரோடு உட்கார்ந்து பேச வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. பணம் கொடுப்பவரும் குடியிருப்பவரும் ஒருவரேயாயின் சிக்கலில்லை. இருவரும் வேறாகும்போது என்ன நடக்கும் என்பதற்கு எகிப்திலும் நமது நாட்டிலும் உள்ள இரு முஸ்லிம் கிராமங்களின் வரலாற்றை எண்ணிப் பார்க்கிறேன்.

லக்ஸருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குப் பக்கத்தில் குர்னா என்ற கிராமம் பண்டைய கல்லறைகளின் மேல் அமைந்திருந்தது. கல்லறைப் பொருட்கள் களவு போவதைத் தடுக்க, சுமார் 7,000 பேர் வாழ்ந்த அக்கிராமத்தை வேறிடத்துக்கு மாற்றத் தொல்பொருள் திணைக்களம் தீர்மானித்தது. 1945இல் அப்பணி ஹஸன் பத்ஹியிடம் ஒப்படைக்கப்பட்டது. தாங்குபலகை இல்லாமலே மண்கல்லால் வளைகூரை எழுப்பும் நூபிய மேசன்மாரை அவர் அழைத்து வந்தார். பள்ளிவாசலும் சந்தையும் பாடசாலையும் அரங்கும் எழுந்தன. வீடுகளை ஒரே அச்சில் வார்க்காமல், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுத்தவும் முனைந்தார்.

ஆனால் அவரை அமர்த்தியது திணைக்களம், குர்னாவாசிகள் அல்லர். கல்லறைகளை அண்டியே அவர்களில் பலரின் ஜீவனோபாயம் இருந்தது. வீட்டின் தேவையை நன்கறிந்த பெண்களிடம் அபிப்பிராயம் கேட்க முடியாதிருந்ததைப் பத்ஹியே தமது நூலில் குறிப்பிட்டுள்ளார். 1948 அளவில் வேலை பாதியில் நின்றது. பெரும்பாலோர் அங்கு குடிபோக மறுத்துவிட்டனர்.

அறுபது ஆண்டுகளின் பின் இதே நிலை இலங்கையில் தோன்றியது. 2004 டிசம்பர் 26 சுனாமி, அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்த முஸ்லிம் மீனவக் கிராமத்தைச் சிதைத்தது. அங்கும் பணம் வெளியாருடையது. கலைஞரும் வெளியார்: ஜப்பானியரான ஷிகெரு பான். ஆனால் அவர் கிராமத்தவரிடம் நேரடியாகக் கேட்டார். குசினியும் குளியலறையும் வீட்டோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றனர் மக்கள். அவை வசிப்பறைகளிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்றது அரசாங்க விதி. இரண்டுக்கும் நடுவே கூரையிட்ட முற்றம் ஒன்றை அமைத்தார் பான். விருந்தினர் வந்தால் அங்கே அமரலாம். பெண்கள் உள்ளே ஒதுங்கிக் கொள்ளலாம். சுவர்கள் அழுத்திய மண்கற்களாலும், தடுப்புகள் உள்ளூர் இறப்பர் மரத்தாலும் அமைந்தன. 1980இல் பத்ஹியைக் கௌரவித்த ஆகா கான் கட்டடக்கலை விருதின் 2013ஆம் ஆண்டுத் தெரிவுப் பட்டியலில் கிரிந்த வீடுகளும் இடம்பெற்றன.

பத்ஹியிடம் திறமையோ இரக்கமோ குறைவாக இருக்கவில்லை. அவரை அழைத்தவர்கள் குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்காமலே இடத்தை மாற்றத் தீர்மானித்துவிட்டார்கள். எந்தக் கலைஞராலும் அதைக் கல்லாலும் மண்ணாலும் சரிசெய்ய இயலாது.

நமது ஊர்களில் பள்ளிவாசலோ மத்ரஸாவோ கட்டும்போது, வரைபடம் நிருவாக சபையின் மேசையோடு நின்றுவிடுவதைக் காண்கிறேன். பெண்களின் தொழுகைப் பகுதிக்கு வாசல் எந்தப் பக்கம், வுழூச் செய்யுமிடம் எங்கே என்பதெல்லாம் ஆண்களால் முடிவாகிறது. பாடசாலைக் கட்டடங்களும் பெரும்பாலும் பிள்ளைகளையோ ஆசிரியரையோ கேட்டு வரையப்படுவதில்லை. அத்திவாரம் வெட்டிய பின் அபிப்பிராயம் கேட்பதில் பயனில்லை. கலைஞரை அழைக்கும் முதல் கூட்டத்திலேயே, அக்கட்டடத்தில் நாளாந்தம் புழங்கப் போகிறவர்களுக்கும் ஓர் ஆசனம் போடுங்கள்.