லோத்தல் செங்கல் தடாகமும் கடல்சார் நுண்புதைபடிவச் சான்றும்

முன்னுரை

மட்கலம், முத்திரை, கட்டட அடித்தளம் போன்ற கண்ணுக்குப் புலப்படும் பொருள்களைச் சான்றாகக் கொண்டே தொல்லியல் நெடுங்காலம் வளர்ந்தது. அவை மனிதனின் செயலைக் காட்டின. அவன் வாழ்ந்த நிலமும் நீரும் எவ்வாறிருந்தன என்பதை முழுமையாகக் காட்டவில்லை. அக்குறையை நிரப்பும் சான்றுகளுள் ஒன்று, மண்ணடுக்குகளில் பொதிந்துள்ள கடல்சார் நுண்புதைபடிவம் ஆகும். குஜராத் மாநிலத்து லோத்தலை முன்வைத்து, அச்சான்றின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

துறையா, ஏரியா?

சிந்துவெளி நாகரிகத்தைச் சார்ந்த லோத்தல் 1954ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் எஸ்.ஆர். ராவ் தலைமையில் 1955 முதல் அங்கு அகழாய்வு நடைபெற்றது. ஊரின் கிழக்குப் புறத்தில், சுட்ட செங்கற் சுவர் சூழ்ந்த நீள்செவ்வகத் தடாகம் ஒன்று வெளிப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 215 மீட்டர். அகலம் ஏறத்தாழ 36 மீட்டர். அதனைக் கப்பல்கள் தங்கும் துறை என்றார் ராவ். அங்குக் கிடைத்த துளையிட்ட கற்களை நங்கூரக் கற்களாகக் கொண்டார். 1968இல் லெஷ்னிக் இதனை மறுத்து, அது பாசனத்திற்கும் குடிநீருக்கும் உரிய நன்னீர்த் தேக்கம் என வாதிட்டார். கட்டட அமைப்பை மட்டும் கொண்டு இவ்வாதத்தை முடிக்க இயலவில்லை.

நுண்ணுயிரி கூறும் செய்தி

போராமினிபெரா என்பன ஒருசெல் உயிரிகள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியன. இவற்றுட் பல சுண்ணாம்பு ஓடு உடையன. உயிரி மடிந்தபின் ஓடு படிவில் தங்கிவிடுகிறது. ஆழ்கடல், கரையோரம், கழிமுகம் என ஒவ்வோரிடத்திற்கும் உரிய இனங்கள் வேறு. ஆதலின் ஒரு படிவிலுள்ள இனங்களைக் கொண்டு பண்டைய நீரின் உவர்ப்பையும் ஆழத்தையும் உய்த்துணரலாம்.

இம்முறையை லோத்தல் தடாகப் படிவுகளுக்குப் பொருத்தினார், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சார்ந்த ராஜீவ் நிகம். அப்படிவுகளில் கடல்சார் போராமினிபெரா உள்ளன என்பதை 1988இல் வெளியிட்ட ஆய்வில் அவர் காட்டினார். கடல்நீர் ஏறிய தடாகம் பாசனத்திற்கு உதவாது. எனவே, இச்சான்று துறை என்னும் கருத்துக்கு வலுச் சேர்த்தது.

சான்றின் எல்லை

எனினும், ஓடு கிடைத்த இடமே உயிரி வாழ்ந்த இடம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. சௌராட்டிரத்தின் மிலியோலைட் கற்களில் காற்றால் உள்நாட்டிற்கு அடித்து வரப்பட்ட கடலுயிரி ஓடுகள் மிகுதி. பழைய படிவிலிருந்து அரிக்கப்பட்ட ஓடுகள் பிற்காலப் படிவிலும் சேரக்கூடும். ஆகவே ஓட்டின் தேய்மானம், இனங்களின் விகிதம், படிவின் காலம் ஆகியவற்றை ஒருங்கே நோக்குதல் வேண்டும். தடாகத்தினுள் புகுந்த நீரின் இயல்பை ஓடு கூறும். அந்நீரில் கலம் மிதந்ததா என்பதை அது கூறாது.

பிறதுறைச் சான்று இங்குத் தேவையாகிறது. காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், சபர்மதி ஆறு பண்டு லோத்தலை ஒட்டி ஓடியது எனச் செயற்கைக்கோள் படங்களின் துணையால் காட்டினர். கலம் வருதற்குரிய நீர்வழியை இது சுட்டுகிறது.

முடிவுரை

லோத்தலில் கட்டடம் வினாவை எழுப்பியது. நுண்புதைபடிவம் நீரின் தன்மையை உணர்த்தியது. நிலவியல் வழியைக் காட்டியது. இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்பு வழங்கவில்லை. ஒரு சான்றை, அது விடை கூறத்தக்க வினாவிற்கு மட்டுமே பயன்படுத்துதல் ஆய்வு நெறியாகும். பண்டைத் துறைமுகங்களை ஆராயும் எவர்க்கும் இது பொருந்தும்.