யாரிடம் சொல்வது? வெள்ளைப்படுதல், மாதவிடாய்க் கோளாறு – ஒரு சிறு வரலாறு

தலைப்பைப் பார்த்து பையன்கள் யாரும் ஓட வேண்டாம். உங்கள் வீட்டிலும் அக்கா, தங்கை இருப்பார்கள். தைரியமாகப் படிக்கலாம்.

காய்ச்சல் வந்தால் ஹாஸ்டல் முழுக்கச் சொல்கிறோம். பல்வலி என்றால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கூடப் புலம்புகிறோம். ஆனால் வெள்ளைப்படுகிறது என்றாலோ, இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை என்றாலோ அம்மாவிடம் சொல்லவே பத்து நாள் ஆகிறது. எங்கள் ஊர் பேரே பாடி. ஆனால் பாடியைப் பற்றிப் பேசத்தான் கூச்சம்! இந்த நோய்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. மருந்து கண்டுபிடித்தது இந்த வரலாற்றில் பாதிதான். யாரிடம் போய்ச் சொல்வது என்று பெண்கள் தவித்ததுதான் மீதிப் பாதி.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். இந்தத் தொல்லைகள் ஒன்றும் புதியவை அல்ல. அதிக ரத்தப்போக்குக்கு 'பெரும்பாடு' என்றும், வெள்ளைப்படுதலுக்கு 'வெட்டை' என்றும் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. வெட்டை என்றால் சூடு என்றும் பொருள். "உடம்பு சூடு, இளநீர் குடி" என்று பாட்டிகள் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். இதோடு ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. எலும்பு உருகி வெள்ளையாக வெளியேறுகிறது, அதனால்தான் பெண் இளைத்துப் போகிறாள் என்ற நம்பிக்கை. இதில் துளியும் உண்மை இல்லை. எலும்பு உருகாது. ஆனால் இன்றும் பல வீடுகளில் இந்தப் பேச்சு இருக்கிறது.

சரி, அந்தக் காலத்தில் டாக்டரிடம் போகவில்லையா? டாக்டர்கள் எல்லாம் ஆண்கள். ஆண் டாக்டர் தொட்டுப் பார்ப்பதை விடச் சாவதே மேல் என்று நினைத்த குடும்பங்கள் ஏராளம். சென்னையில் வசித்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஒரு பாரிஸ்டரின் மனைவி. பிரசவத்தில் வைத்தியம் இல்லாமல் பெண்கள் சாவதைக் கேள்விப்பட்டு, தானே மருத்துவம் படிக்க முடிவு செய்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. உலகின் பல பெரிய கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த காலம் அது! பிறகு லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1885-ல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதுதான் நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. இன்றைய பெயர் அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. 'கோஷா' என்றால் திரைமறைவு. திரைக்குப் பின்னால் இருந்த பெண்கள் வாய்திறந்து சொல்ல ஒரு இடம் கிடைத்தது. 1912-ல் அதே மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்றார். 1918-ல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

ஆனால் எல்லோராலும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? போக முடியாதவர்களைத் தேடி வந்தது பாட்டில் மருந்து. ஷார்லீப் கல்லூரியில் சேர்ந்த அதே 1875-ல் அமெரிக்காவில் லிடியா பிங்கம் என்ற பெண்மணி தன் மூலிகை டானிக்கை விற்க ஆரம்பித்தார். "ஆண் டாக்டரிடம் சொல்ல முடியாததை எனக்கு எழுதுங்கள்" என்பதுதான் விளம்பரத்தின் சாரம். பெண்கள் கடிதங்களாக எழுதித் தள்ளினார்கள். 1883-ல் அவர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே பதில்கள் போய்க்கொண்டிருந்தன! 1905-ல் ஒரு பத்திரிகை அவருடைய கல்லறையைப் படம்பிடித்துப் போட்டதும்தான் குட்டு வெளிப்பட்டது.

நம் சென்னையிலும் இதே வகையில் ஒரு பாட்டில் உண்டு. கே.என்.கேசரி என்ற ஆயுர்வேத வைத்தியரின் 'லோத்ரா'. வெள்ளிலோத்திரப் பட்டை வெள்ளைப்படுதலுக்கும் அதிக ரத்தப்போக்குக்கும் ஆயுர்வேதத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் மூலிகை. கேசரி 1928-ல் 'கிருகலட்சுமி' என்ற தெலுங்குப் பெண்கள் பத்திரிகையையும் தொடங்கினார். பெண்களின் மருந்தை விற்றவரே பெண்கள் பத்திரிகையும் நடத்தியது தற்செயல் இல்லை என்றே தோன்றுகிறது. இந்த மருந்துகள் குணப்படுத்தினவா இல்லையா என்பது வேறு விஷயம். பாட்டில் வாங்க யாரிடமும் வாய்திறக்க வேண்டாம். அதுதான் அதன் பெரிய பலம். காரணம் தெரியாமலே காலம் ஓடிவிடும் என்பதுதான் அதன் பெரிய ஆபத்து.

அந்தக் காரணங்களை மைக்ராஸ்கோப் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தது. 1836-ல் பாரிஸில் டோனே என்பவர் டிரைகோமோனாஸ் என்ற நுண்ணுயிரியைக் கண்டார். 1892-ல் ஜெர்மனியின் டோடர்லைன், பெண்ணுறுப்பில் இயல்பாகவே வாழ்ந்து பாதுகாப்புத் தரும் நல்ல பாக்டீரியாக்களைப் பற்றி எழுதினார். 1950-ல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் பூஞ்சைத் தொற்றுக்கு நிஸ்டாட்டின் மருந்தைக் கொடுத்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதிலிருந்து வந்த பெயர் அது. 1935-ல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இருவர், மாதவிடாய் சரியாக வராத ஏழு பெண்களை ஆராய்ந்து, இன்று பிசிஓஎஸ் என்று நாம் சொல்லும் பிரச்சினையை விவரித்தார்கள். 'நீர்க்கட்டி' என்றதும் பயப்படுகிறோமே, அவை உண்மையில் முழுதாக வளராமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள்தான்.

காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? 1989-ல் ராணி பங், அபய் பங் தம்பதியின் ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய். அதற்கு முன்பு பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள்? வெறும் 8 சதவீதம். 2005-ல் கோவாவில் செய்யப்பட்ட இன்னொரு ஆய்வு வேறொன்றைச் சொன்னது. வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்கள் பலரிடம் தொற்றை விட மன அழுத்தமும் குடும்பக் கஷ்டமும்தான் அதிகம் தொடர்புடையதாக இருந்தன. "மனசு சரியில்லை" என்று சொல்ல வழியில்லாதவள் "வெள்ளைப்படுது" என்கிறாள். எலும்பு உருகுகிறது என்ற பழைய பேச்சுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வேதனை இருந்திருக்கலாம், இல்லையா?

இது எங்கோ நடக்கிற கதை இல்லை. பாடியில் பஸ் ஸ்டாப்புகளுக்கே லூகாஸ், பிரிட்டானியா என்று கம்பெனிப் பெயர்கள்தான். அடுத்தாற்போல் அம்பத்தூர் எஸ்டேட். இந்தப் பக்கம் வேலைக்குப் போகும் இளம்பெண்கள் எவ்வளவோ பேர். தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை பேசியது. மாதவிடாய் வலிக்குப் பெயரே இல்லாத மாத்திரைகள் வேலையிடத்தில் தரப்பட்டதாக அத்தனை பேரும் சொன்னார்கள். அதனால் உடல்நலம் கெட்டது என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். அன்று பாட்டில், இன்று மாத்திரை. கேள்வி கேட்காமல் வாயை மூடவைப்பதில் இரண்டும் ஒன்றுதான்.

எனவே தெரிந்துகொள்ள வேண்டியவை, சுருக்கமாக.

தண்ணீர் போலவோ லேசான வெள்ளையாகவோ, அரிப்பும் நாற்றமும் இல்லாமல் வந்தால் அது இயல்பு. பெரும்பாலும் இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் கொஞ்சம் அதிகமாகும். தயிர் திரிந்தது போல் அரிப்புடன் வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் மீன்வாடை அடித்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். மஞ்சள் கலந்த பச்சையாக நுரைத்து வந்தால் டிரைகோமோனாஸாக இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. அதனால் தோழிக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது. சோப்பு, வாசனைத் திரவம் போட்டு உள்ளே கழுவவும் கூடாது. டோடர்லைன் சொன்ன அந்த நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துவிடும். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மாதவிடாய், வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளியில் வரலாம். பிறகு 21 முதல் 35 நாள். மூன்று மாதம் வராவிட்டாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ, 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ பரிசோதனை அவசியம். தைராய்டு, பிசிஓஎஸ், கடும் டயட், மன அழுத்தம், கர்ப்பம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

போக இடமும் இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள குடும்பம் என்றால் பாடிக்கு அருகிலேயே அயனாவரம் ஆஸ்பத்திரி. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதிலும் தப்பில்லை. அதைக் கேட்டுத்தானே 1885-ல் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியே எழுந்தது!

இதைப் படிக்கும் தோழிகளில் யாராவது ஒருவர் இன்று ராத்திரி அம்மாவிடம் "அம்மா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தால் போதும்.