சேற்றில் பதிந்த மாட்டுக் கணக்கு

நம்ம எபிசோடுகள்ல வழக்கமா ஒரு கல்வெட்டோ, பழைய கடிதமோ, கோர்ட் தீர்ப்போதான் ஆதாரமா இருக்கும். இன்னைக்கு ஆதாரம் சேறு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் வான் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே மரம்கூட வளராத உயரத்தில் சின்னச் சின்ன ஏரிகள். ஜேசன் நெஃப் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அந்த ஏரிகளின் அடியில் குழாயைச் செருகி, சேற்றை அடுக்கு கலையாமல் எடுத்தார்கள். ஏரிச் சேற்றில் கீழே போகப் போகப் பழசு. சுமார் 5,000 ஆண்டுக் கணக்கு அதற்குள் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் மேற்கு நோக்கி வந்த பிறகு, அந்த ஏரிகளில் விழுந்த தூசி அதற்கு முந்தைய நீண்டகாலச் சராசரியைவிட 500% கூடியிருந்தது. 2008-இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

அந்தத் தூசியின் வேதியியல் மலைப் பாறையோடு ஒத்துப்போகவில்லை. மேற்கிலும் தென்மேற்கிலும் இருக்கும் வறண்ட நிலங்களிலிருந்து காற்றில் ஏறி வந்த தூசி அது. இங்கேதான் ஒரு கேள்வி வருது, கவனிங்க. அந்த வறண்ட நிலங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளா அங்கேயேதான் இருக்கு. காற்றும் புதுசு இல்லை. அப்புறம் ஏன் திடீர்னு இவ்வளவு தூசி?

பதில் தெரியணும்னா யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊருக்குப் பக்கத்தில் தரையைக் குனிந்து பார்க்கணும். செடிக்கும் செடிக்கும் நடுவில் வெறும் மணல்னு நாம நினைக்கிற இடம் கருப்பாக, கருகிய அடை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அது மண்ணின் மேல் இருக்கும் உயிருள்ள தோல். ஆய்வாளர்கள் பயோக்ரஸ்ட் என்பார்கள், நான் மண் தோல்னே சொல்றேன். சயனோபாக்டீரியா என்ற நீலப்பச்சைப் பாசி, லைக்கன், மழைக்காலத்தில் நம்ம மதில் சுவர்ல வெல்வெட் மாதிரி படருமே அந்த வகைப் பாசி, எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுக் குடித்தனம் அது.

இதில் முக்கியமான ஆள் மைக்ரோகோலியஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி இருக்கும். பல நூல்கள் சேர்ந்து வழவழப்பான ஓர் உறைக்குள் வாழும். மழை பெய்தால் உறை ஊறும், நூல்கள் வெளியே வந்து வெளிச்சத்தை நோக்கி நகரும். காய்ந்ததும் இருந்த இடத்திலேயே தூங்கிவிடும். அடுத்த மழைக்கு மறுபடி நகரும், புது உறை செய்யும். பழைய உறை மண்ணுக்குள்ளேயே தங்கி மணல் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஆண்டுக்கணக்கில் பின்னிய வலைதான் அந்த நிலத்தைக் கட்டி வைத்திருக்கிறது. லைக்கன்களில் சில, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. யாரும் உரம் போடாத பாலைவனத்தில் செடி வளர அது ரொம்ப முக்கியமான வரவு.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை செய்த ஜெய்ன் பெல்னப் இந்தத் தோலைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சிதையாத தோல் பலத்த காற்றையும் தாங்கும். ஆனால் காய்ந்திருக்கும்போது மேலிருந்து ஒரு மிதி விழுந்தால் போதும், அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். கிளம்பும் மணல் பக்கத்தில் நல்லா இருக்கும் தோலையும் மூடிவிடும். வெளிச்சம் கிடைக்காமல் அதுவும் சாகும். பாசி மட்டும்னா சில ஆண்டுகளில் திரும்பி வரலாம். லைக்கன் திரும்ப பல பத்தாண்டுகள் ஆகும், ரொம்ப வறண்ட இடங்களில் அதைவிடவும் அதிகம்.

அப்போ அதுவரைக்கும் யாருமே மிதிக்கலையா? மிதித்தார்கள். யூட், பையூட், ஹோப்பி, நவஹோ மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். மான்கள் இருந்தன. நவஹோக்களிடம் ஸ்பானியர்கள் வழியாக வந்த ஆடுகளும் இருந்தன. ஆனால் நாம படத்துல பார்க்கிற பெரிய பெரிய காட்டெருமை மந்தைகள் ராக்கி மலைக்குக் கிழக்கே இருந்த சமவெளியைச் சேர்ந்தவை. மலைக்கு மேற்கே இருந்த இந்த மண் தோல் அந்த மாதிரி மந்தைகளுக்குப் பழகியதே இல்லை.

1869-இல் கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிந்தது. 1880-களில் தென்கிழக்கு யூட்டாவில் மாட்டு மந்தைகள் பெருகின. நிலத்தில் பெரும்பகுதி அரசுப் பொது நிலம். மேய்க்கக் கட்டணம் கிடையாது, எத்தனை மாடு என்ற வரம்பும் கிடையாது. இன்னைக்கு என் மாடு விட்டுவைக்கிற புல்லை நாளைக்கு உங்க மாடு தின்னும். அப்போ நான் ஏன் விட்டுவைக்கணும்? எல்லாரும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். கௌபாய்களை வில்லனாக்குறது சுலபம், ஆனா எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலுக்குக் கீழே இருந்தது உயிருள்ள பொருள் என்று அவர்களுக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை. தரிசு என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. பொது நிலத்தில் மாடு விட அனுமதிச் சீட்டும் கட்டணமும் வேண்டும் என்றானது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் எதுன்னா, அதே ஏரிச் சேற்றில் ஏறக்குறைய அந்தக் காலத்துக்குப் பிறகு தூசி குறைகிறது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து மலை உச்சிச் சேற்றில் தெரிகிறது. ஆனால் பழைய அளவுக்கு இறங்கவே இல்லை.

ஒரு சின்ன விலகல். அதே 1930-களில் நவஹோ நிலத்தில் அரசு வேறு மாதிரி நடந்துகொண்டது. மண் அரித்துப்போய் புதிய ஹூவர் அணையில் வண்டலாக நிரம்பிவிடும் என்று பயந்து, நவஹோக்களின் ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்தார்கள். நிறைய ஆடுகளைக் கொன்றே போட்டார்கள். வெள்ளைக்கார மாட்டுக்காரருக்கு அனுமதிச் சீட்டு, நவஹோ குடும்பத்துக்குக் கண்ணெதிரே ஆட்டுக் கொலை. இதைத் தனி எபிசோடாகவே பேசலாம்.

சரி, தூசி மலைக்குப் போனால் யாருக்கு என்ன? அந்த மலைப் பனிதான் கொலராடோ ஆறு. சுத்தமான வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மேலே பழுப்புத் தூசி படிந்தால் வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் உருகும். கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு மே மாச வெயில்ல நிக்கிற மாதிரிதான். 2010-இல் தாமஸ் பெயின்டரும் அவருடைய குழுவினரும் மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டார்கள். தூசியால் ஆற்றின் உச்ச வெள்ளம் சராசரியாக 3 வாரம் முன்னதாகவே வந்துவிடுகிறது. பனி சீக்கிரம் போவதால் செடிகளும் மண்ணும் அதிக நாள் நீரை ஆவியாக விடுகின்றன. அதனால் ஆண்டு நீர்வரத்தில் சுமார் 5% காணாமல் போகிறது. அது 100 கோடி கன மீட்டருக்கும் மேல். நமக்குப் புரியும் கணக்கில் 35 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான தண்ணீர் ஒவ்வொரு ஆண்டும் காற்றோடு போகிறது.

இப்போ 1922-க்குப் போவோம். அந்த ஆண்டுதான் ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆற்றைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்ல மழை பெய்த ஆண்டுகளின் அளவை வைத்து, ஆற்றில் இல்லாத தண்ணீரையும் பிரித்துக் கொடுத்தார்கள் என்ற கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதோடு இதையும் சேர்த்துக்கோங்க. அவர்கள் பேரம் பேசிய சமயத்திலேயே மலையில் தூசி படிய ஆரம்பித்து நாற்பது ஆண்டாவது ஆகியிருந்தது. ஏழு மாநிலங்களும் கணக்குப் பார்த்தார்கள், தூசி எடுத்துக்கொண்ட பங்கு மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. இன்று சுமார் 4 கோடிப் பேர் அந்த ஆற்றை நம்பி இருக்கிறார்கள்.

மாடு போகாத இடம் ஒன்றாவது மிச்சம் இருக்கா? இருக்கிறது. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் வர்ஜீனியா பார்க் என்ற புல்வெளியைச் சுற்றிலும் பாறைகள். மாடுகளால் உள்ளே போக முடிந்ததே இல்லை. அந்தப் பகுதியில் மாடு மேய்ந்த நிலங்களில் மேய்ச்சல் 1970-களில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 30 ஆண்டு கழித்து, மேயாத நிலத்தையும் மேய்ந்த நிலத்தையும் நெஃப், பெல்னப் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. மேய்ந்த நிலத்தில் சத்தைப் பிடித்து வைக்கும் நுண்வண்டல் சுமார் 40% குறைவு. கரிமமும் நைட்ரஜனும் பாதிக்கும் கீழே. போன மண் எங்கே என்று தேட வேண்டியதில்லை, அந்தத் திசைக் காற்று எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். வர்ஜீனியா பார்க்குக்குள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது.